பிரிட்ஜ் குளிர்ச்சியாக இருக்க வேண்டும்

ஒரு வீட்டுக்கு எந்தக் கணினி பொருந்தும் என்று ஆலோசனை சொல்வது எளிது என நான் நினைத்திருந்த காலம் அது. இரண்டாயிரத்துக்குப் பிறகு நான்கைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. பட்டப்படிப்பை முடித்திருந்த நாங்கள் மூன்று பேர், திருத்தணி ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு மாடி அறையை எடுத்துப் பெண்களுக்குத் தட்டச்சும் கணினியும் கற்பித்துவந்தோம். சென்னைக்குப் போகாமலேயே சென்னையின் வேலையைச் செய்ய முடியும் என்பது எங்கள் கொள்கை. விடியற்காலை மின்சார ரயிலில் நின்றுகொண்டே போய், இருட்டிய பிறகு நின்றுகொண்டே திரும்பும் பெண்களைப் பார்த்து உருவான கொள்கை அது.

அந்தக் கொள்கையை முதலில் நடைமுறைப்படுத்திக் காட்டியவர் ஒரு விலங்கியல் பட்டதாரி. நந்தியாற்றுப் பக்கத்துத் தெரு ஒன்றில் குடியிருந்தார். பெற்றோர் இருவரும் கூலிக்கு நாற்று நட்டும் களையெடுத்தும் அவரைப் படிக்க வைத்தவர்கள். திருமணத்துக்கு முன்பிருந்தே சென்னைக்கு ரயிலில் போய், மருத்துவக் குறிப்புகளைத் தட்டச்சு செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்திருக்கிறார். அமெரிக்க மருத்துவர்கள் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டு, சொல் தவறாமல் எழுத்தாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். குழந்தை பிறந்ததும் அவர் வேலையை விட்டார். நன்றாகச் செய்துவந்தவர் என்பதால் வீட்டிலிருந்தே வேலை செய்ய நிறுவனம் பின்னர் சம்மதித்தது. பிழைகள் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை.

எந்தக் கணினி வாங்குவது என்று அவர் என்னைக் கேட்டார். வீடு ஒரே அறையும் ஒரு சமையல் தடுப்பும் கொண்டது. மேலே சிமெண்ட் ஷீட்டு. கணவர் திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வீட்டில் இருப்பார். மாமனார், அவர், குழந்தை மூவரும் புழங்கும் அறையில் சுவரோரம் ஒரு சிறிய மேசைக்குத்தான் இடமிருந்தது. தரையில் எதை வைத்தாலும் குழந்தை தொடும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் யோசித்து, மானிட்டருக்கு அடியில் படுத்த நிலையில் வைக்கக்கூடிய மெல்லிய பெட்டி ஒன்றை நான் பரிந்துரைத்தேன். அந்தப் பெட்டியைத்தான் ஊரில் எல்லோரும் சி.பி.யு. என்பார்கள். மேசையில் அது அழகாகப் பொருந்தியது. பிறருக்குக் காட்டும் எடுத்துக்காட்டாக அந்த மேசையை நான் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன்.

பெட்டிக்குள் இருந்த நெருக்கத்தை நான் யோசிக்கவில்லை. மதர்போர்டின் நடுவே ஒரு சிப் இருக்கும். வரைபடத்தின் மேற்பக்கத்தில், அதாவது வடக்கே, இருப்பதாலும், புராசஸரையும் மெமரியையும் இணைப்பதாலும் அதை நார்த் பிரிட்ஜ் என்பார்கள். அதன் சூட்டைத் தணிக்க ஒரு பிஸ்கட் அளவே உள்ள விசிறியை அந்த மதர்போர்டில் பொருத்தியிருந்தார்கள். அதற்கு நேர் மேலே ஹார்ட் டிஸ்க்கைத் தாங்கும் தகடு. விசிறி சூட்டைக் கிளப்பித் தகட்டின்மீது ஊதும். அதே சூடு திரும்ப விசிறிக்கே வரும். முதல் ஆண்டு எதுவும் தெரியவில்லை. இரண்டாவது கோடை தொடங்கியபோது அந்த விசிறி கீச்சென்று ஒரே சுருதியில் கத்த ஆரம்பித்தது.

அதைச் சத்தம் என்று சொல்லவே பலர் தயங்குவார்கள். நான் போய்க் கேட்டபோது எனக்கே முதலில் பிடிபடவில்லை. அன்று கிருத்திகை. மலையில் ஒலிபெருக்கி, தெருவில் காவடிக் கூட்டத்தின் அரோகரா, பஸ்களின் ஹாரன். இதற்கு நடுவில் ஒரு சின்ன விசிறியா பெரிது என்று கேட்டேன்.

“மைக் செட்டு பாடினா பாடிக்கினு போவட்டும் சார், அது காதுக்கு வெளிய இருக்குது,” என்றார். “இது டாக்டர் பேசுற பேச்சுக்குள்ளயே வந்து குந்திக்கினு இருக்குது. சிக்ஸ்டின்றாரா ஃபிஃப்டின்றாரா, தெரியல. முன்னாடி எழுத்த அது தின்னுட்டு மிச்சத்த எனக்குக் குடுக்குது.”

அவர் சொன்னது துல்லியமானது என்பதைப் பிறகு நானே ஹெட்போனை மாட்டிப் பார்த்து உணர்ந்தேன். ஸ, ஃப போன்ற ஒலிகள் இருக்கும் சுருதியில்தான் விசிறியின் கீச்சும் இருந்தது. காதை முழுவதும் மூடும் பெரிய ஹெட்போன் ஒன்றை எங்கள் பயிற்சி அறையிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டே நாளில் திருப்பித் தந்துவிட்டார். தூளியில் குழந்தை அழுதது கேட்கவில்லையாம்.

அந்த மாதம் இரண்டு கோப்புகள் சென்னையிலிருந்து திரும்பி வந்தன. இரண்டிலும் மருந்தின் அளவு தவறு. ஒன்றில் அறுபது இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பது. சரிபார்ப்பவர்கள் கண்டுபிடித்துத் திருத்திவிட்டார்கள் என்பதால் யாருக்கும் தீங்கு நேரவில்லை. ஆனால் நிறுவனம் எச்சரிக்கை அனுப்பியது. அடுத்த மாதமும் பிழை வரம்பைத் தாண்டினால் வீட்டிலிருந்து செய்யும் வேலை நிறுத்தப்படும். விரும்பினால் சென்னை அலுவலகத்துக்கு வந்து மேற்பார்வையில் வேலை செய்யலாம். பால்குடி மறக்காத ஒன்றரை வயதுக் குழந்தையை விட்டுவிட்டுப் போக வர ஐந்து மணி நேரம் ரயிலில் அவர் பயணம் செய்ய முடியாது. வேலையை விட்டால், கணினிக்கான தவணை ஒருபுறம் இருக்க, அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு இருந்த எடையும் குறையும். இவற்றை அவர் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தோம். தையல் மெஷின் எண்ணெயை ஒரு சொட்டு விசிறியின் அச்சில் விட்டேன். நான்கு நாள் அமைதி. ஐந்தாம் நாள் எண்ணெயோடு தூசியும் சேர்ந்து முன்பைவிட மோசமாகக் கத்தியது. பிறகு ஒருநாள் அவரே பெட்டியைத் திறந்து விசிறியின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். அந்த வாரம் ஒரு பிழையும் வரவில்லை. அடுத்த வாரத்தில் ஒரு பிற்பகல், கணினி அசையாமல் நின்றுவிட்டது. தட்டச்சு செய்துகொண்டிருந்த ஒரு கோப்பு முழுவதும் போயிற்று. அந்தச் சிப்பைத் தொட்ட என் விரல் உடனே பின்வாங்கியது.

இனி என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதி யோசித்தேன். அதே மாதிரி புதிய விசிறி போட்டால் ஓராண்டுக்குள் அதுவும் கத்தும். தரமான விசிறி போட்டால் கத்தாது. ஆனால் என்றாவது நின்றுபோனால் நின்றது யாருக்கும் தெரியாது, கணினி உறையும்போதுதான் தெரியும். பெரிய பெட்டிக்கு மாறினால் மேசையையும் மாற்ற வேண்டும். மேசையை மாற்றினால் தூளியைக் கட்ட இடமில்லை. மிஞ்சியது விசிறியே இல்லாத அலுமினியக் கட்டி. சீப்புப் பற்களைப் போல உயர்ந்த தகடுகள் சூட்டை வாங்கிக் காற்றில் விடும். அதில் சுழலும் பாகம் இல்லை என்பதால் கெட்டுப்போக எதுவும் இல்லை. ஆனால் அது காற்றை நம்பியிருப்பது. சிமெண்ட் ஷீட்டின் கீழே, அக்கினி நட்சத்திரத்தில், ஒரு மெல்லிய பெட்டிக்குள் எவ்வளவு காற்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் தவறாகக் கணித்தால் தண்டனை அவருக்கு என்பது மட்டும் தெரிந்தது.

எவ்வளவு உயரமான கட்டி உள்ளே நுழையும் என்பதை முதலில் அறிய வேண்டும். மூடியைத் திறந்தால் தகடும் கூடவே நகர்ந்துவிடுகிறது. மூடினால் ஸ்கேல் வைக்க வழியில்லை. அவர்தான் சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை எடுத்து, பாலிதீன் பையில் சுற்றி, விசிறியின்மேல் வைத்து மூடச் சொன்னார். திறந்தபோது உருண்டை தட்டையாக நசுங்கி, தகட்டின் அடிப்பக்கத்தை அப்படியே காட்டியது. அந்த உயரத்தோடு விசிறியின் உயரத்தையும் சேர்த்து ஒரு ஈர்க்குச்சியை வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சிப்பின் இரு மூலைகளில் இருந்த துளைகளுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தாளில் குத்திக் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் ரயிலில் போய், சென்னையில் ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பெரும்பாலான கடைகளில் விசிறி இல்லாதது என்று கேட்டதுமே தலையை ஆட்டிவிட்டார்கள். கடைசியில் ஒருவர் மூன்றை எடுத்துப் போட்டார். முதலாவது செம்பில் செய்தது, தட்டையானது; ஆனால் விசிறி உண்டு, சத்தமே வராது என்று உறுதி சொன்னார். இரண்டாவது உயரமானது; ஈர்க்குச்சியைத் தாண்டிப் போயிற்று. மூன்றாவது கருப்பு அலுமினியம்; ஈர்க்குச்சியைவிட ஒரு நூல் குறைவு, தகடுகள் பக்கவாட்டில் விரிந்திருந்தன. நான் ஈர்க்குச்சியை வைத்து வைத்து அளப்பதைக் கடைக்காரர் சிறிது நேரம் பார்த்தார்.

“கேம் ஆடுறதுக்கா சார்?”

தட்டச்சு செய்வதற்கு என்றேன்.

“டைப் அடிக்கவா? அதுக்கா சார் இந்த அலும்பு?”

அவரிடம் விளக்கவில்லை. செம்பு விசிறியைக் கையில் வெகுநேரம் வைத்திருந்தேன். அது பழக்கப்பட்ட வழி. தவறினாலும் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். இருந்தும் மூன்றாவதையே வாங்கினேன். அந்தப் பெண்ணுடைய வேலை முழுவதும் காதில் இருந்தது. விசிறி என்று ஒன்று உள்ளே இருக்கும்வரை அந்தக் காது அதற்காகக் காத்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

பழைய விசிறியைக் கழற்றுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஒட்டிக்கொண்டிருந்த பசையை மெல்லத் திருகித் திருகித்தான் விடுவிக்க முடிந்தது. அவசரப்பட்டால் சிப்பின் விளிம்பு உடையும். புதிய கட்டியின் தகடுகள் பவர் சப்ளை காற்றை இழுக்கும் திசையை நோக்கி இருக்கும்படி பொருத்தினேன். மூடினேன். கணினி ஓடுகிறதா என்று மானிட்டரைப் பார்த்தால்தான் தெரிந்தது. அவர் ஹெட்போனை மாட்டி ஒரு கோப்பைப் பாதிவரை கேட்டார். தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டார்.

அதோடு நான் விட்டிருக்கலாம். ஒரு வீட்டில் ஒரு கருவி வந்தால் அதைப் பற்றி வீட்டார் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் பயிற்சி நிலையத்தின் இன்னொரு கொள்கை. மாமனார் திண்டாடித்தான் என்றாலும் தமிழ் படிப்பார். எனவே ஒரு தாளில் பெரிய எழுத்தில், “நார்த் பிரிட்ஜ் எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும்படி அனைவரும் பார்த்துக்கொள்ளவும்” என்று எழுதி மேசைக்கு மேலே ஒட்டினேன். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதவில்லை.

நான்கு நாள் கழித்துக் கணினி மீண்டும் உறைந்தது. பிற்பகல் மூன்று மணி. மறுநாளும் ஏறக்குறைய அதே நேரம். காலையில் எவ்வளவு வேலை செய்தாலும் ஒன்றும் ஆகவில்லை; பிற்பகலில்தான் நின்றது. ஷீட்டின் வெப்பம் உச்சத்துக்கு வரும் நேரம் அது என்பதால் காரணம் தெளிவாகவே தெரிந்தது. நான் காற்றைத் தவறாகக் கணித்திருக்கிறேன். மாதம் முடியப் பத்து நாள்கூட இல்லை. அவர் வேலையைக் காலைக்கு மாற்றிப் பார்த்தார். ஆனால் புதிய ஒலிக்கோப்புகள் டெலிபோன் லைன் வழியாக மெதுவாகத்தான் இறங்கும், அதற்குக் கணினி மதியம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். உறைந்தால் இறங்கியதும் பாதியில் போகும்.

அந்த வாரம் அவர் குழந்தைக்குப் பகலில் புட்டிப்பால் பழக்க ஆரம்பித்ததை அவர் கணவர் சொல்லித்தான் அறிந்தேன். சென்னைக்குப் போவதற்கான ஏற்பாடு என்று அவர் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. நான் செம்பு விசிறியை வாங்கிவருவது என்று முடிவு செய்தேன். அதற்கு முன், பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்று ஒருமுறை அளந்துவிட எண்ணி, தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் பள்ளி ஆய்வகத் தெர்மாமீட்டரை இரவல் வாங்கி, சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன்.

அவர் குழந்தையோடு சமையல் தடுப்புக்கு அப்பால் படுத்திருந்தார். மாமனார் மேசையருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மானிட்டரில் கோப்பு இறங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே இருந்த சி.பி.யு.வைக் காணவில்லை. அந்த இடத்தில் பொதட்டூர்பேட்டை லுங்கிகள் இரண்டு மடித்துச் சுற்றப்பட்டு, அவற்றைச் சுற்றி ஒரு சாக்கு, சாக்கைச் சுற்றிச் சணல் கயிறு. மிகவும் நேர்த்தியான கட்டு. நான் கயிற்றை நோக்கிக் கையை நீட்டினேன்.

“தொடாத நைனா,” என்றார். “குளுரு வெளிய போவாம கட்டி வச்சிருக்கேன்.”

எதனுடைய குளிர் என்று கேட்டேன்.

“ஃபிரிட்ஜோடதுதான். நீதான எழுதி ஒட்டிட்டுப் போன?” எழுந்து, விரலை ஒவ்வோர் எழுத்தின்மேலும் வைத்து, நான் எழுதியதை எனக்கே படித்துக் காட்டினார். நார்த் என்பது கம்பெனிப் பெயர் என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

மாமனார் பல ஆண்டுகள் கனகம்மாசத்திரம் சாலையில் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐஸ் பாளத்தை உமியிலும் சாக்கிலும் பொதிந்து வைத்தால் திருப்பதிவரை உருகாமல் போகும். பொதிந்தால் குளிர் நிற்கும் என்பது அவர் கை அறிந்த உண்மை. மருமகள் மதியம் கண்ணயர்ந்ததும் கட்டுவார். மருமகள் எழுந்து வருவதற்குள் அவிழ்த்து மடித்துவிடுவார். வேலை செய்கிறவருக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது அல்லவா. கணினி உறையத் தொடங்கிய நாளிலிருந்து என் கணிப்பைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது அந்தக் கரிசனம்தான். எழுதிக் காட்டினாலும் பாலமும் குளிர்பெட்டியும் தமிழில் ஒரே எழுத்தில் வரும் என்பதை, தமிழில் எழுதியதற்காகப் பெருமைப்பட்ட நான் யோசிக்கவே இல்லை.

பேச்சுச் சத்தம் கேட்டு மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். கட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மாமா, அது ஃபிரிட்ஜ் இல்ல மாமா. பிரிட்ஜு. பாலம்.”

“பாலமா? இந்தப் பொட்டிக்குள்ளயா?”

“ஆங்.”

“பாலத்துக்கு எதுக்குமா குளுரு?”

மருமகள் என் பக்கம் திரும்பி, நீங்களே சொல்லுங்க சார் என்பதுபோல நின்றார். நியாயமான கேள்விதான். உள்ளே ஐஸ் இல்லை, அடுப்பு இருக்கிறது, அடுப்பைப் பொதியக் கூடாது என்று சொன்னேன். மாமனார் கயிற்றை அவிழ்த்தார். சாக்கின் உட்புறத்தில் கையை வைத்துப் பார்த்து, உடனே எடுத்துக்கொண்டார்.

“இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஏன் கட்டப்போறேன்?” என்றார் என்னிடம். கோபமில்லை. தன் தொழிலில் அரைகுறையாக உத்தரவு கொடுத்த மேஸ்திரியிடம் பேசுவதுபோல இருந்தது.

அவர் மருமகள் சிரிக்கவில்லை. குழந்தையைக் கீழே விட்டுவிட்டு, சுவரிலிருந்த தாளைக் கிழிக்காமல் மெல்ல உரித்து என் கையில் கொடுத்தார். அதன் பின்புறத்திலேயே, “இந்தப் பெட்டிக்குக் காற்று வேண்டும். எதையும் சுற்றிக் கட்டவோ மூடவோ கூடாது” என்று எழுதிக் கொடுத்தேன். தெர்மாமீட்டரை அன்றும் மறுநாளும் மூன்று மணிக்கு வைத்துப் பார்த்தேன். சூடு இருந்தது, தாங்கக்கூடிய சூடு. கணினி நிற்கவில்லை. அதன்பிறகு மேசைமேல் ஒரு காபி டம்ளரை வைப்பதற்குக்கூட மாமனார் யாரையும் விடவில்லை என்று கேள்விப்பட்டேன். எங்கள் பயிற்சி நிலையத்தில் மெல்லிய பெட்டியைப் பரிந்துரைப்பதையும் அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மாத முடிவில் நிறுவனத்தின் கடிதம் வந்தது. பிழைகள் வரம்புக்குள் இருந்தன, ஆனால் விளிம்பை ஒட்டித்தான். வீட்டு வேலை தொடரலாம் என்று எழுதியிருந்தார்கள். அவர் அதை என்னிடம் காட்டியபோது, மகிழ்ச்சியாக இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. இன்னும் இரண்டு மாதம் பார்க்க வேண்டும் என்று அவரே சொன்னார். அந்த இரண்டு மாதங்களில் பிழைகள் மேலும் குறைந்தன. தெளிவாகக் கேட்காத சொல்லை ஊகித்து எழுதுவதை அவர் நிறுத்தியிருந்தார். விசிறி கத்திய காலத்தில் எதுவும் தெளிவாகக் கேட்காததால் எல்லாவற்றையும் ஊகிக்க வேண்டியிருந்தது. இப்போது கேட்பது எது, கேட்காதது எது என்று பிரித்தறிய முடிந்தது. கேட்காததைக் காலியாக விட்டுக் குறியிட்டு அனுப்பினார். காலியிடம் அதிகமானால் கண்டிப்பார்களே என்று நான் கவலைப்பட்டேன். கண்டிக்கட்டும், அறுபதா ஐம்பதா என்று அந்த ஊர் டாக்டரையே கேட்டுக்கொள்ளட்டும் என்றார்.

குழந்தை பள்ளிக்குப் போக ஆரம்பித்த ஆண்டில் அவர் வீட்டு வேலையை விட்டுவிட்டார். சரிபார்ப்பவராகச் சென்னை அலுவலகத்திலேயே பதவி கொடுத்திருந்தார்கள். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பினார். எங்கள் நண்பர்களில் ஒருவர் இதை எங்கள் திட்டத்தின் பின்னடைவு என்று கருதினார். எனக்கும் உள்ளூர ஒரு சங்கடம் இருந்ததால், நிலையத்தில் ரயிலுக்காக நின்றவரிடம் ஒருநாள் காரணம் கேட்டேன்.

“அப்ப போவ முடியாது சார்,” என்றார். “இப்ப முடியும். போறேன்.”

ரயில் வந்தது. உட்கார இடம் கிடைத்ததா என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.